குடலுக்குள் ஒரு காவற்படை

(பத்தாம் வகுப்பு மாணவி)

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டிக்குச் சென்ற ஆண்டு பெருங்குடலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. புற்றுநோய். வெட்டி எடுத்த கட்டியைச் சோதித்து மருத்துவமனையில் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதைப் படித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. தோழி அதைப் புத்தகப் பைக்குள் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டாள். மதிய உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் அமர்ந்து, ஆங்கில அகராதியும் கையுமாக நாங்கள் நால்வர் அதனோடு போராடினோம். பாதிக்கு மேல் விளங்கவில்லை. ஆனால் ஒரு வரி மட்டும் எங்களை நிறுத்திவிட்டது. கட்டியின் ஓரத்தில் லிம்போசைட்டுகள் மிகுதியாகக் காணப்படுகின்றன என்பதே அந்த வரி.

லிம்போசைட் என்பது வெள்ளணுக்களில் ஒரு வகை, நோயை எதிர்ப்பது அதன் வேலை என்று பாடத்தில் படித்திருக்கிறோம். காவலர் இத்தனை பேர் சூழ்ந்து நிற்கும்போதே திருடன் எப்படி உள்ளே வீடு கட்டிக் குடியிருந்தான்? உயிரியல் எடுக்கும் சிஸ்டரிடம் ஓடினோம். "நல்ல கேள்வி. பாதியை நான் சொல்கிறேன். மீதியை நூலகத்தில் தேடி ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள்" என்றார். அப்படிப் பிறந்ததே இக்கட்டுரை. தோழியும் அவள் பாட்டியும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறோம்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். நம் பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய். அதன் கடைசிப் பகுதி மலக்குடல். பெருங்குடலுக்குள் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. சில நன்மையும் செய்கின்றன. இவற்றுக்கும் நம் இரத்தத்திற்கும் இடையே உள்ள சுவர் எவ்வளவு தடிமன் என்று நினைக்கிறீர்கள்? ஒரே ஒரு வரிசைச் செல்கள்தாம்! அதன்மேல் வழவழப்பான சளிப்படலம் ஒன்று, அவ்வளவே. அந்தச் செல்களும் நான்கைந்து நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, புதியவை வந்து நிற்கின்றன. அதனால்தான் உடலின் காவற்படையில் பெரும்பங்கு குடலை ஒட்டியே பாளையமிறங்கியிருக்கிறது. சிறுகுடற் சுவரில் இப்படைக்குத் தனித்தனிக் கூடாரங்களே உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் பேயர் 1677-ஆம் ஆண்டிலேயே இவற்றைக் கண்டு எழுதினார். என்ன வேலைக்கென்று அப்போது யாருக்கும் தெரியாது.

புதுச் செல்கள் இவ்வளவு வேகமாகப் பிறப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் அதனுள் இருக்கும் டி.என்.ஏ. முழுவதும் படியெடுக்கப்பட வேண்டும். ஒருவர் குறிப்பேட்டைப் பார்த்து மற்றொருவர் அவசர அவசரமாக எழுதினால் பிழை வராமல் இருக்குமா? அப்படிச் சில முக்கியமான இடங்களில் பிழை சேர்ந்துவிட்டால், அந்தச் செல் நிறுத்தாமல் பெருகத் தொடங்குகிறது. முதலில் குடற்சுவரில் காளான் போல் ஒரு சிறு முளை. பல ஆண்டுகள், பெரும்பாலும் பத்தாண்டு அளவு கடந்து, அவற்றுள் சில புற்றாக மாறுகின்றன. 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டது. ஏறத்தாழ 9 லட்சம் பேர் இதனால் இறந்தனர்.

இனி நம் காவலர்களைப் பார்ப்போம். இவர்களுள் முதன்மையானவை டி செல்கள். இவை எலும்பு மச்சையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் என்னும் சுரப்பிக்குப் பயிற்சிக்குச் செல்கின்றன. தைமஸ் சுரப்பி பயனற்ற உறுப்பு என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். லண்டனில் ஜாக் மில்லர் என்பவர் 1961-இல் எலிக்குட்டிகளிடமிருந்து அதை நீக்கிப் பார்த்தார். அவற்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமற் போயிற்று. அந்தப் பயிற்சிக் கூடத்தில் நடக்கும் தேர்வு மிகவும் கொடியது. உடலின் சொந்தச் செல்லைத் தாக்கக்கூடியது எதுவோ அதுவும், ஒன்றையும் அடையாளம் காணத் தெரியாதது எதுவோ அதுவும் அங்கேயே அழிக்கப்படுகின்றன. நுழைந்தவற்றுள் நூற்றுக்கு ஐந்து கூடத் தேறுவதில்லையாம். எங்கள் அரசுப் பொதுத்தேர்வு இதற்கு எவ்வளவோ தேவலை!

தேறி வந்த டி செல் எப்படிக் காவல் காக்கிறது? ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டாரும் அன்று சமைத்ததில் ஒரு பிடியை எடுத்து வாசல் திண்ணையில் வைக்க வேண்டும் என்று சட்டம். நம் உடலில் ஏறக்குறைய எல்லாச் செல்களும் இப்படித்தான் செய்கின்றன. உள்ளே தயாரான புரதங்களின் சிறு சிறு துண்டுகளைத் தம் மேற்புறத்தில் ஏந்திக் காட்டுகின்றன. டி செல் வாசல் வாசலாகச் சென்று சோதிக்கிறது. வழக்கமான சமையலாக இருந்தால் பேசாமல் போய்விடும். வைரஸ் புகுந்த வீட்டின் சமையலோ, பிழைபட்ட டி.என்.ஏ.வால் விளைந்த கெட்ட சமையலோ வாசலில் இருந்தால், அந்த வீட்டையே அழித்துவிடும்.

காவற்படை புற்றுநோயையும் தடுக்கிறது என்று ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் 1909-இல் ஊகித்தார். 1950-களில் ஆஸ்திரேலியாவின் பர்னெட்டும் அமெரிக்காவின் லூயிஸ் தாமசும் அதை ஒரு கொள்கையாக வகுத்தனர். நெடுங்காலம் பலர் நம்பவில்லை. 2001-இல் ராபர்ட் ஷ்ரைபரின் குழுவினர், லிம்போசைட்டே இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்தபோது, அவற்றுக்கு மற்ற எலிகளைவிட அதிகமாகக் கட்டிகள் தோன்றின. ஆக, நமக்குத் தெரியாமலே எத்தனையோ புற்றுச் செல்கள் முளையிலேயே கிள்ளப்படுகின்றன.

மனிதரிடத்தில் இதற்குச் சிறந்த சான்று கிடைத்தது பெருங்குடற் புற்றுநோயில்தான். அதுவரை மருத்துவர்கள் இந்நோயின் கடுமையை அளந்த முறை வேறு. லண்டனில் டாக்டர் டியூக்ஸ் 1932-இல் வகுத்தபடி, கட்டி குடற்சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிவிட்டதா என்று பார்ப்பார்கள். அதாவது திருடனை மட்டுமே அளந்தார்கள். பாரிஸ் நகரில் ஜெரோம் காலோன் என்பவரும் அவர் குழுவினரும் காவலரை எண்ணத் தொடங்கினார்கள். வெட்டி எடுத்த கட்டிகளின் நடுவிலும் ஓரத்திலும் டி செல்கள் எத்தனை உள்ளன என்று கணக்கிட்டு, அந்த நோயாளிகள் பின்னர் எப்படி இருந்தார்கள் என்று ஒப்பிட்டனர். டி செல்கள் மிகுந்திருந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. இதை 2006-இல் வெளியிட்டனர். 2018-இல் 13 நாடுகளில் 2,681 நோயாளிகளின் கட்டிகளை வைத்துச் செய்த பெரிய சோதனையிலும் அது உறுதியாயிற்று. அதில் நம் நாட்டு அகமதாபாத் நகரின் புற்றுநோய் மருத்துவமனையும் பங்குகொண்டது என்று படித்தபோது எங்களுக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

தோழியின் முகம் இந்த இடத்தில்தான் மலர்ந்தது. அறிக்கையில் இருந்த வரி கெட்ட செய்தி அன்று, நல்ல செய்தி!

ஆனாலும் எங்கள் முதற்கேள்வி அப்படியே நிற்கிறதல்லவா? காவலர் வந்தும் ஏன் வெல்லவில்லை?

இதற்கு விடை, காவலரின் கையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்துக்கொள்கிறார்கள் என்பதே. மிதிவண்டிக்கு பிரேக் இருப்பதுபோல் டி செல்லுக்கும் தடைகள் உண்டு. அவை இருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் நாம் உண்ணும் சோற்றையும், குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களையும், நம் சொந்தச் செல்களையும் டி செல்கள் ஓயாமல் தாக்கிக்கொண்டிருக்கும். ஜப்பானில் தசுகு ஹோன்ஜோ 1992-இல் பி.டி.1 என்னும் தடையைக் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் ஜேம்ஸ் அல்லிசன் வேறொரு தடையை ஆராய்ந்து, அதை விலக்கினால் எலிகளின் கட்டி கரைவதைக் காட்டினார். இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. புற்றுச் செல் செய்யும் தந்திரம் என்னவென்றால், தன்னை அழிக்க வரும் டி செல்லின் பிரேக்கைத் தானே அழுத்திவிடுகிறது. அருகில் வந்த டி செல் கை ஓய்ந்து நின்றுவிடுகிறது.

இதற்கு இன்னொரு கூட்டாளியும் உண்டு என்று படித்து வியந்தோம். பல் ஈறுகளில் வாழும் ஃப்யூசோபாக்டீரியம் என்ற நுண்ணுயிர் பல பெருங்குடற் கட்டிகளில் குடியிருக்கிறது. அதன் மேலிருக்கும் ஒரு புரதமும் காவற் செல்களின் தடை ஒன்றை அழுத்துகிறது என்று ஜெருசலேம் நகர ஆராய்ச்சியாளர் 2015-இல் காட்டினார்கள். வாயில் இருக்க வேண்டியதற்குக் குடலில் என்ன வேலையோ!

பிரேக்கை விலக்கும் மருந்துகள் வந்தபோது தோல் புற்று, நுரையீரல் புற்று உள்ள சிலர் குணமடைந்தனர். ஆனால் பெருங்குடற் புற்றில் அவை ஏறக்குறைய முழுத் தோல்வி. ஏதோ ஒருவர் மட்டும் நன்றாகத் தேறினார். அந்த ஒருவர் ஏன்? இதற்கு விடை நூறு ஆண்டுகளுக்கு முன்னே ஒரு தையற்காரப் பெண்ணிடம் இருந்தது. எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் ஆல்டிரெட் வார்த்தின் என்ற மருத்துவப் பேராசிரியர் இருந்தார். 1895-இல் அவருக்குத் தெரிந்த தையற்காரப் பெண் ஒருத்தி முகம் வாடி இருந்ததைக் கண்டு காரணம் கேட்டார். தன் குடும்பத்தில் பலரும் குடலிலோ வயிற்றிலோ கருப்பையிலோ புற்றுநோய் கண்டு இறந்துவிட்டனர் என்றும், தானும் இளவயதில் அப்படியே இறக்கப் போவதாகவும் அவள் சொன்னாள். அவர் அவள் சொன்னதை ஒதுக்கவில்லை. அவள் குடும்பத்தின் வரலாற்றைச் சேகரித்து 1913-இல் வெளியிட்டார். 'ஜி குடும்பம்' என்று மருத்துவ நூல்கள் அதைக் குறிக்கின்றன. அவள் அஞ்சியபடியே கருப்பைப் புற்றுநோயால் இறந்தாள்.

புற்றுநோய் வழிவழியாக வரும் என்பதை அந்நாளில் பலர் ஏற்கவில்லை. 1960-களில் ஒமாகா நகரத்து டாக்டர் ஹென்றி லிஞ்ச் இத்தகைய வேறு குடும்பங்களைக் கண்டு எழுதினார். அவரையும் பலர் நம்பவில்லை. ஆனால் அவர் விடவில்லை. இன்று இந்நிலைக்கு 'லிஞ்ச் நோய்க்குறி' என்று பெயர். 1993-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் காரணமும் வெளிப்பட்டது. டி.என்.ஏ. படியெடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்த, சிவப்புப் பென்சில் பிடித்த ஆசிரியை போலச் சில புரதங்கள் செல்லுக்குள் உள்ளன. இக்குடும்பங்களில் அந்தத் திருத்தும் புரதத்தின் மரபணுவே பழுது. அதனால் செல்லில் பிழைமேல் பிழை குவிகிறது. தையற்காரப் பெண்ணின் குடும்பத்திலும் அப்படிப்பட்ட பழுது ஒன்று உண்டென்று 2000-இல் உறுதி செய்தார்கள். குடும்ப வழியாக வராமல், முதுமையில் தானாகவும் சிலருக்கு இந்தத் திருத்தும் வேலை நின்றுபோகும். பெருங்குடற் புற்றுகளில் நூற்றுக்குப் பதினைந்து அளவில் இவ்வகையைச் சேர்ந்தவை.

பிழை மிகுந்தால் நோய் கொடியது என்றுதானே எண்ணுவோம்? இங்கேதான் புதுமை. பிழை மிகுந்தால் வாசலில் வைக்கும் சமையலும் மிகவும் விநோதமாக இருக்கும். டி செல்களுக்கு எளிதில் தெரிந்துவிடும்! அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 2015-இல் வெளியான ஆய்வில் எண்ணிப் பார்த்தார்கள். திருத்தும் புரதம் பழுதான கட்டிகளில் சராசரியாக 1,782 பிழைகள். மற்றக் கட்டிகளில் 73 மட்டுமே. அதே ஆய்வில் பிரேக்கை விலக்கும் மருந்தைப் பெருங்குடற் புற்று முற்றியவர்களுக்குக் கொடுத்தனர். திருத்தும் புரதம் பழுதானவர்கள் 10 பேரில் 4 பேருக்குக் கட்டி சுருங்கியது. மற்ற 18 பேரில் ஒருவருக்கும் இல்லை.

பிறகு 2022 ஜூன் மாதத்தில் நியூயார்க்கிலிருந்து வந்தது அந்தச் செய்தி. மலக்குடலில் இவ்வகைப் புற்று உள்ள, இன்னும் வேறிடம் பரவாத நோயாளிகளுக்கு டாஸ்டார்லிமாப் என்ற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆறு மாதம் கொடுத்தார்கள். முதலில் சிகிச்சையை முடித்தவர்கள் 12 பேர். பன்னிருவருக்கும் கட்டி இருந்த இடமே தெரியவில்லை. 2025-இல் அந்த எண்ணிக்கை 49 ஆனது. 49 பேருக்கும் அதே முடிவு. கத்தி வைக்கவில்லை, கதிர்வீச்சு இல்லை. மலக்குடலை எடுத்துவிட்டால் சிலர் வயிற்றின்மேல் பை கட்டிக்கொண்டே வாழ நேரும். கதிர்வீச்சு பட்ட இளம்பெண்களுக்குத் தாய்மைப் பேறு இல்லாமற் போகலாம். இதையெல்லாம் எண்ணினால்தான் அந்தப் பன்னிருவரின் மகிழ்ச்சி நமக்குப் புரியும்.

இந்த இடத்தில் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். மலக்குடல் புற்று உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே இவ்வகை. மருந்தின் விலையோ பல லட்சம் ரூபாய். பிரேக்கை விலக்கினால் காவற்படை சில வேளைகளில் தைராய்டு சுரப்பியையும் தோலையும் ஏன், குடலையுமே தாக்கிப் புண்ணாக்கிவிடும். காவற்படை எப்போதும் நல்லதே செய்யும் என்றும் எண்ண வேண்டாம். குடல் அழற்சி நோயில், பகைவன் இல்லாமலே காவலர் ஆண்டுக்கணக்கில் குடலோடு போர் புரிகின்றனர். புண் ஆறுவதும் மறுபடி புண்ணாவதுமாகச் செல்கள் ஓயாமல் பிரிவதால், அவர்களுக்குப் பெருங்குடற் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

தோழியின் பாட்டி அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. திருத்தும் புரதங்கள் நான்கும் பழுதில்லாமல் உள்ளன என்பது அது. முதலில் படித்தபோது அதுதான் நல்ல செய்தி என்று நினைத்தோம். இப்போது அதன் பொருள் தெரிகிறது. குடும்பத்தில் வழிவழியாக வரும் அந்த வகை அன்று என்ற மட்டில் ஆறுதல்தான். ஆனால் நியூயார்க் மருந்து பாட்டிக்கு உதவாது. அறுவைச் சிகிச்சையும், அதன்பின் மாதக்கணக்கில் ஏற்றிய பழைய மருந்துகளும்தான் அவருக்கு வழி. தலைமுடி மெலிந்தது. சோறு கசந்தது. தோழி பல நாள் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்ததன் காரணம் எங்களுக்கு அப்போது தெரியாது.

பாட்டிக்கு நோய் எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். மலத்தோடு இரத்தம் போவது ஒரு வருடமாகவே இருந்ததாம். மூலம் என்று அவரே முடிவு செய்துகொண்டு, துத்திக்கீரையும் கருணைக்கிழங்குமாகச் சமைத்துச் சாப்பிட்டாராம். மகனிடம் சொல்ல வெட்கம். மருமகளிடம் சொல்லவும் வெட்கம். உடல் இளைத்து, இரத்தம் குறைந்து, ஒருநாள் கிணற்றடியில் மயங்கி விழுந்த பிறகே மருத்துவரிடம் போனார்கள். மலத்தில் இரத்தம், வழக்கம் மாறிப்போன மலச்சிக்கலோ வயிற்றுப்போக்கோ, காரணம் தெரியாத இளைப்பு, சோகை ஆகியவை சில வாரம் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று சிஸ்டர் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். குழாய்க் கருவியை உள்ளே செலுத்திப் பார்த்து, முளை சிறிதாக இருக்கும்போதே அதை நீக்கிவிட முடியும். நெருங்கிய உறவில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவர்கள் சற்று முன்னதாகவே சோதித்துக்கொள்வது நல்லதாம். தோழியின் அப்பா சென்ற மாதம் அப்படிச் சோதித்துக்கொண்டார். ஒரு சிறு முளை இருந்தது, அன்றே எடுத்துவிட்டார்கள்.

சென்ற சனிக்கிழமை நாங்கள் நால்வரும் பாட்டியைப் பார்க்கப் போயிருந்தோம். இப்போது வாசலில் உட்கார்ந்து பூத்தொடுக்கும் அளவுக்குத் தேறியிருக்கிறார். அறிக்கையில் இருந்த வரியை, வாசலில் வைக்கும் ஒரு பிடிச் சோற்றிலிருந்து தொடங்கி அவருக்கு விளக்கிச் சொன்னோம். தொடுத்த சரத்தை மடியில் போட்டுவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படின்னா, நான் வெக்கப்பட்டுக்கிட்டு வாயை மூடிக்கிட்டுத் துத்திக்கீரை தின்னுக்கிட்டிருந்த அந்த ஒரு வருசமும், அதுங்க பாட்டுக்கு உள்ளே சண்டை போட்டுக்கிட்டா கிடந்துச்சு, கண்ணு?"

ஆமாம் பாட்டி என்றோம்.